நண்பர் மனம் நோகாமல் கதையில் குறை சொல்ல

நண்பர் எழுதிய கதையின் இரண்டாம் பாதி இழுக்கிறது, அதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "இரண்டாம் பாதி இழுக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த வரியில் உங்கள் வாசிப்பு நின்றது என்பதை மட்டும் காட்டுங்கள்.

1942-இல் அவருடைய தாத்தா ரங்கூனிலிருந்து பர்மா எல்லை ஊரான தமு வழியாக இந்தியாவுக்கு நடந்த கதை என்கிறீர்கள். அப்படியானால் தாத்தாவைப் பாதி வழியில் விட்டுவிட்டு நண்பர் சரித்திரம் சொல்லப் போயிருப்பார். 1941 டிசம்பர் 23 ரங்கூன் குண்டுவீச்சு, அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் நகருக்குள் நுழைந்தது... நம் வீடுகளில் கேட்காததா?

தேதி வரும் வரிகளைப் பென்சிலால் குறித்து, அவற்றை விட்டுவிட்டு அவர் முன்னாலேயே சத்தமாக வாசித்துப் பாருங்கள். கதை ஓடினால் அவரே வெட்டிவிடுவார்.

அப்புறம், வழியில் இறந்தவர்களைப் பற்றிய பக்கங்கள் இருந்தால், அவராகக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.