முளைக்கும்போதே பொடியும் கடைவாய்ப்பல்லுக்குக் கால்சியம் சிரப் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பால் பற்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. போன வருடம் முளைத்த கீழ்க் கடைவாய்ப்பல்லில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு இருக்கிறது, ஓரம் பொடிந்து விழுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துடித்துப்போகிறாள். மேல் முன்பல்லிலும் ஒரு வெள்ளைத் திட்டு. ஒருவர் கால்சியம் குறைவு என்று சிரப் கொடுத்தார். இன்னொருவர் எனாமல் திரும்ப வளரும் என்று ஒரு பேஸ்ட்டை வாங்கச் சொன்னார். பால் பல்தானே, விழுந்துவிடும் என்கிறார் வேறொருவர். கர்ப்பமாக இருந்தபோது நான் கால்சியம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதுதான் காரணமா? பல்லைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: உங்களை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் மாத்திரையைத் தவறவிட்டதால் இந்தப் பல் இப்படி ஆகவில்லை. கருவில் இருக்கும்போது தாது படிவது பெரும்பாலும் பால் பற்களில்தான். ஏறக்குறைய 14-வது வாரத்தில் அது தொடங்கிவிடும். அந்தப் பால் பற்கள் நன்றாக இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது பொடிவது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அதன் தலைப்பகுதியில் தாது படியத் தொடங்குவதே பிறப்பை ஒட்டித்தான். தலைப்பகுதி கட்டி முடிய இரண்டரை, மூன்று வயது ஆகும். ஆறு வயதுவாக்கில் வெளியே வரும். அதாவது இன்று உங்கள் கண்ணில் படும் குறை, சில வருடங்களுக்கு முன்பே ஈறுக்குள் ஏற்பட்டு முடிந்துபோன ஒன்று.

பால் பல், விழுந்துவிடும் என்று சொன்னவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த ஒரு தவறான பேச்சால் போன பற்களுக்குக் கணக்கே இல்லை. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசையில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், சத்தமில்லாமல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நடுக்கோட்டிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஆறாவதாக நிற்கும் பல் என்றால் அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்.

இனி, சிரப்பும் பேஸ்ட்டும் ஏன் வேலை செய்யாது என்று புரிய, பல் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தாடைக்குள் வளரும் பல்மொட்டில் இரண்டு வரிசைச் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. உள்வரிசை ஒடோன்டோபிளாஸ்ட், வெளிவரிசை அமிலோபிளாஸ்ட். முதலில் வேலையைத் தொடங்குவது உள்வரிசை. அது கொலாஜன் நாரைச் சுரந்து, அதில் தாதுவைப் படியவைத்து டென்டினை, அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் உள்அடுக்கை, உண்டாக்குகிறது. டென்டின் மெல்லிய படலமாகப் படிந்த பிறகே வெளிவரிசை அதன் மேல் எனாமலைப் போட ஆரம்பிக்கும். டென்டின் செல்கள் பல்லின் உள்பக்கம் பார்த்துப் பின்வாங்கும், எனாமல் செல்கள் வெளிப்பக்கம் பார்த்துப் பின்வாங்கும். நடுவில் பல் தடித்துக்கொண்டே போகும்.

எனாமல் இரண்டு கட்டமாக உருவாகிறது. முதல் கட்டத்தில் செல்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மைக்ரான் வீதம் எனாமலைச் சுரந்து, முழு வடிவத்தையும் கனத்தையும் கொண்டுவந்துவிடுகின்றன. கடைவாய்ப்பல்லின் மேட்டில் அந்தக் கனம் 2.5 மில்லிமீட்டர் வரை வரும். ஆனால் இந்தப் பச்சை எனாமலில் தாது எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மற்றதெல்லாம் தண்ணீரும் புரதமும். அந்தப் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு அமிலோஜெனின். இரண்டாம் கட்டத்தில் அதே செல்கள் உருவத்தையும் வேலையையும் மாற்றிக்கொள்கின்றன. சுரந்த புரதத்தை என்சைம்கள் சிறுசிறு துண்டுகளாக அறுக்க, செல்கள் அந்தத் துண்டுகளையும் நீரையும் வெளியே இழுத்துவிட்டு, அந்த இடத்துக்குக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அனுப்புகின்றன. மெல்லிய இழைகளாக இருந்த படிகங்கள் தடித்து ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். படிகம் வளர வளர அமிலம் உண்டாகும், அதையும் செல்களே சமன்செய்ய வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் முடிவில் எனாமலின் எடையில் 96 சதவீதம் தாது. நம் உடலில் இதைவிடக் கடினமான பொருள் கிடையாது.

வேலை முடிந்ததும் இந்தச் செல்கள் அழிந்துவிடும். பல் முளைத்து வெளியே வரும் நேரத்தில் எனாமலைச் சுரக்க ஒரு செல்கூட மிச்சமில்லை. கால்சியம் சிரப் பயன்படாததற்குக் காரணம் இதுவே. சிரப்பில் உள்ள கால்சியம் இரத்தத்துக்குப் போகும். இரத்தத்திலிருந்து அதை எடுத்து எனாமலுக்குள் வைக்கும் செல் இல்லாதபோது, எத்தனை பாட்டில் குடித்தாலும் அந்தத் திட்டுக்குப் போய்ச் சேராது.

பேஸ்ட் விஷயமும் அப்படித்தான். ஃபுளோரைடும், பால் புரதத்தோடு சேர்த்த கால்சியம் பாஸ்பேட்டும் எனாமலின் மேற்பரப்பில் உள்ள நுண்துளைகளில் தாதுவைக் கொஞ்சம் சேர்க்கும். கூச்சம் குறையும். அது உண்மையான பலன், வேண்டாம் என்று சொல்லவில்லை. (பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பால் புரத வகை கூடாது.) ஆனால் பெயர்ந்து விழுந்த எனாமலை வளர்க்கும் பேஸ்ட் இன்று எங்கும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார். அதைவிட எனக்கு ஆத்திரம் வருவது, பேஸ்ட்டைத் தேய்த்துக்கொண்டு ஆறு மாதம் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறவர்கள் மீது. இந்தப் பல்லைப் பொறுத்தவரை அந்த ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது.

உங்கள் மகளின் பல் முழு வடிவத்தோடு முளைத்து, பிறகுதான் பொடிந்திருக்கிறது. அதாவது முதல் கட்டம் சரியாக நடந்திருக்கிறது. இரண்டாம் கட்டம் சில இடங்களில் பாதியில் நின்றுபோயிருக்கிறது. புரதம் வெளியேறாமல் தங்கியதால் அந்த இடம் சாக்பீஸ் மாதிரி நுண்துளைகளோடு இருக்கிறது. மெல்லும் அழுத்தத்தை அது தாங்காது. இதற்கு எம்.ஐ.எச். என்று பெயர், விரித்தால் மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன், அதாவது கடைவாய்ப்பல்லிலும் வெட்டுப்பல்லிலும் தாது குறைவாகப் படிவது. உலக அளவில் ஏழெட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கிறது. ஆனாலும் 2001-ல்தான் இதற்கு இந்தப் பெயரே வைத்தார்கள். பள்ளிப் பரிசோதனைப் படிவங்களில் இன்றும் பெரும்பாலும் சொத்தை உண்டு, சொத்தை இல்லை என்ற இரண்டே கட்டங்கள்தான். எம்.ஐ.எச். பல்லைச் சொத்தை என்று குறித்து, பிள்ளை ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று ஒரு வரி எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்கள்! உங்கள் மகள் மீது எந்தத் தவறும் இல்லை.

அடையாளம் காண்பது கடினமில்லை. திட்டின் எல்லை கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரியும், நிறம் வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்பு. நான்கு முதல் கடைவாய்ப்பற்களில் ஒன்றோ, எல்லாமோ பாதிக்கப்படலாம், வெட்டுப்பற்களும் சேர்ந்துகொள்ளலாம். இடமும் வலமும் ஒரே அளவில் இருக்காது. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்து வரும் கறையில் எல்லை மங்கலாக, இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். காரணம் என்ன என்று கேட்பீர்கள். முதல் மூன்று வருடங்களில் வந்த கடும் காய்ச்சல், நெஞ்சுச் சளி, பிரசவத்தின்போது ஏற்பட்ட சிக்கல், பரம்பரை எல்லாம் பேசப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட பிள்ளையைக் காட்டி, இதனால்தான் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. அதைத் துருவிக்கொண்டிருப்பதில் பலனும் இல்லை.

சிரப் வேண்டாம் என்று சொன்னேன். இரத்தப் பரிசோதனையே செய்தாக வேண்டிய ஒரு நிலை உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதையும் சொத்தை என்றே கடந்துபோகிறார்கள். பல் பார்வைக்கு முழுதாக இருக்கும். குழி இல்லை, திட்டு இல்லை, அடிபடவும் இல்லை. ஆனாலும் பல் ஈறில் சீழ்க்கட்டி வரும். ஒரு பல்லில் ஆறினால் அடுத்த பல்லில் வரும், பால் பல்லிலேயே தொடங்கிவிடும். கூடவே கால் வளைந்திருக்கும், வயதுக்கேற்ற உயரம் இருக்காது, நடை தத்தித்தத்தி இருக்கும். இது சிறுநீரில் பாஸ்பேட் வீணாகும் பரம்பரை நோயாக இருக்கலாம். இதில் எனாமலைவிட அடிபடுவது டென்டின். சாதாரணமாக டென்டினில் தாது உருண்டை உருண்டையாகப் படிந்து, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டியாகும். பாஸ்பேட் குறைந்தால் உருண்டைகள் சேராது, நடுவில் இடைவெளி நிற்கும். பற்கூழின் (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்மையான பகுதி) கொம்புபோன்ற நுனியும் எனாமலுக்கு வெகு அருகில் வரை நீண்டிருக்கும். எனாமலில் ஒரு மயிரிழை விரிசல் போதும், கிருமி நேராகக் கூழுக்குள் இறங்கிவிடும். இரத்தத்தில் பாஸ்பேட், கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ் மூன்றையும் பார்த்தால் துப்புக் கிடைக்கும். கால்சியம் அளவு சரியாக இருந்து பாஸ்பேட் மட்டும் குறைந்திருப்பது இதன் அடையாளம். இங்கேயும் கடைச் சிரப் உதவாது. குழந்தை நல மருத்துவரின் கண்காணிப்பில், அளவு பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். அளவு மீறினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை.

இப்போது உங்கள் மகளுக்குச் செய்ய வேண்டியவை. நல்ல செய்தி டென்டின் பக்கம் இருக்கிறது. எனாமல் செல்கள் அழிந்தாலும் டென்டின் செல்கள் சாகவில்லை. பற்கூழின் ஓரத்தில் வரிசையாக உயிரோடு நிற்கின்றன, தாக்குதல் வந்தால் உள்பக்கம் புது டென்டினைப் போட்டுத் தடுப்பு எழுப்பும். அதற்குக் கூழ் உயிரோடு இருக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பல்லின் வேர் முழுதாக வளர ஒன்பது, பத்து வயது ஆகும். அதற்கு முன் கூழ் செத்தால் வேர் பாதியில் நின்று, சுவர் மெல்லியதாகவே இருந்துவிடும். அதனால்தான் காத்திருக்காதீர்கள் என்கிறேன்.

வீட்டில் 1000 முதல் 1450 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, இரண்டு வேளையும் தேயுங்கள். துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் வலியைக் குறைக்கும். வலிக்கிற பக்கத்தைப் பிள்ளைகள் தேய்க்காமல் விடுவார்கள். அங்கே சொத்தை சேர்ந்துகொண்டால் பல் சில மாதங்களில் உருத்தெரியாமல் போய்விடும், அதனால் அந்தப் பக்கத்தை நீங்களே தேய்த்துவிடுங்கள். அரைகுறையாக முளைத்த பல் மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருக்கும் என்பதால், பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக வைத்தால்தான் எட்டும்.

குழந்தைகள் பல் மருத்துவரிடம் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசலாம். பல் இன்னும் ஈறு விலகி முழுதாக வெளியே வரவில்லை என்றால், கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட்டைப் போட்டுத் தற்காலிகமாக மூடுவார்கள். பல் நிறத்தில் ஃபில்லிங் போட்டு உடனே அழகாக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஃபில்லிங்கின் விளிம்பு நல்ல எனாமலில் நிற்குமா என்று கேளுங்கள். திட்டான எனாமலில் புரதம் மிகுதி, ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காது. விளிம்பு அங்கே நின்றால் ஃபில்லிங் ஓரத்தோடு பெயர்ந்து வரும், ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகும், நீங்கள் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். மேடுகள் பொடிந்த பல்லுக்கு, பல்லை முழுதாக மூடும் உறையான ஸ்டீல் கிரவுன்தான் நம்பகமானது. பார்க்க அழகில்லை. ஆனால் கூச்சம் நின்று, பிள்ளை அந்தப் பக்கம் மெல்லத் தொடங்குவாள். ஒன்றை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: இந்தப் பற்களில் மரத்துப்போகும் ஊசி சில சமயம் சரியாகப் பிடிப்பதில்லை, கூழ் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பதால். பிள்ளை வலிக்கிறது என்றால் நடிக்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

பல் மிக மோசமாகச் சிதைந்திருந்தால் பிடுங்குவதும் ஒரு வழிதான், ஆனால் அதற்கு வேளை உண்டு. பொதுவாக எட்டிலிருந்து பத்து வயதுக்குள், பின்னால் வளரும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர் பிரியும் இடத்தில் தாது படியத் தொடங்குவது எக்ஸ்ரேயில் தெரியும்போது எடுத்தால், அந்தப் பல் முன்னால் நகர்ந்து காலி இடத்தை அடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கீழ்த்தாடையில் இந்தக் கணக்கு தப்பினால் இடைவெளி நிற்கும், பல் சாய்ந்து வளரும். மேல்தாடை அவ்வளவு கறார் இல்லை. முடிவெடுக்கும் முன் பல் சீரமைப்பு நிபுணர் எக்ஸ்ரேயைப் பார்த்து, மற்ற நிரந்தரப் பற்களின் மொட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணியே ஆக வேண்டும். ஏழு வயதில் அவசரமாகப் பிடுங்க வேண்டாம். கடைசியில் அந்த நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைப்பதற்குள் பிள்ளைக்குப் பதினொரு வயது ஆகிவிடுகிறது என்பதுதான் கொடுமை. அதனால் அந்தத் தேதியை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முன்பல்லின் வெள்ளைத் திட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். அங்கே மெல்லும் அழுத்தம் இல்லை, பெரும்பாலும் பொடியாது. இந்த வயதில் பற்கூழ் பெரிதாக இருப்பதால், அழகுக்காகப் பல்லைச் செதுக்கி வெனீர் என்ற மெல்லிய தகட்டை ஒட்டக் கூடாது. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்து அவள் வருந்தினால், பல்லைச் செதுக்காமல் திட்டின் நிறத்தை மங்கவைக்கும் ரெசின் ஊடுருவல் சிகிச்சை இருக்கிறது. பல் முழுதாக முளைத்த பிறகு அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.