ஆயரம்மாவிடம் கேளுங்கள்: டிசம்பர் தபால்

(பதில் சொல்பவர் வடாற்காட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருசேகரங்கள் (ஒரே ஆயரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிகள்) பலவற்றில் ஆயரின் (பாஸ்டரின்) மனைவியாகக் குடியிருந்தவர். கணவர் ஓய்வு பெற்றபின் காட்பாடியில் வசிக்கிறார்.)

கே: எனக்கு ஜூன் மாதம் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரர் ஆயர். டவுன் சபையோடு நாலு கிராம சபைகளும் அவர் பொறுப்பு. அம்மா வீட்டில் 25ஆம் தேதி காலை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். இங்கே அவர் விடியுமுன் போனால் சாயந்திரம்தான் வருவாராம். என் முதல் கிறிஸ்மஸை நான் தனியாகவா கொண்டாடுவது? — குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

ப: தனியாகவா? அரைமணி நேரம் தனியாக விட்டால் போதும் என்று நீயே கேட்கப் போகிறாய், இருந்து பார் கண்ணு.

நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். நாலரைக்கு டவுன் ஆராதனை. ஆறரைக்கு ஆசீர்வாதம் கூறினாலும் வாசலில் நின்று கைகொடுத்து முடிக்க ஏழாகிவிடும். அவர் அங்கியை மடித்துப் பைக்குள் வைத்து, திருவிருந்துப் பாத்திரப் பெட்டியை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு கிராமத்துக்குக் கிளம்புவார். நீ கதவைச் சாத்துவதற்குள் முதல் தட்டு வந்துவிடும். வாழைப்பழம், கேக், மேலே ஒரு காலண்டர். தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, அதனால் முறுக்கும் அதிரசமும் 20ஆம் தேதிக்குள் சுட்டு டப்பாவில் போட்டுவிடு. ஃப்ளாஸ்க்கில் டீ இருக்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் "ஆயர் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். உன்னைப் பார்க்க வந்தவள் ஒருத்தியாவது அதில் இருப்பாள், அவளைக் கவனித்து வைத்துக்கொள்.

அங்கே கிராமத்தில் ஆயர் பதினோரு மணிக்குப் போனால், அந்த ஊருக்குப் பதினோரு மணிக்குத்தான் இயேசு பிறப்பார். புதுத்துணி உடுத்திய பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கும். ஆராதனை முடிந்ததும் "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க அய்யா" என்பார்கள். மறுத்தால் மனது நோகும், அவர் மறுக்கவும் மாட்டார். நாலு ஊரில் நாலு பிரியாணி. சாயந்திரம் வீட்டுக்கு வந்து அவர் கேட்கப்போவது மோர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும்தான். ஆகவே 25ஆம் தேதி அவருக்காகக் கறி வாங்கிக் காத்திருக்காதே. நம் பக்கத்துப் பெண்கள் அநேகர் முதல் வருஷம் இதில்தான் அழுகிறார்கள்.

இரண்டு காரியம் செய். ஒன்று, நாலு ஊரில் ஒரே ஒரு ஊருக்கு அவரோடு வண்டியில் போ. பெரிய சபைக்கு வேண்டாம், இருப்பதில் சின்னதற்குப் போ. டிசம்பர் பூ வைத்த பாட்டிமார் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். கேக் வெட்டச் சொல்வார்கள், கைக்குழந்தையை மடியில் போட்டு ஜெபம் பண்ணச் சொல்வார்கள். ஜெபம் வராவிட்டால் குழந்தையின் பெயரைக் கேட்டுத் தலையில் கைவைத்தாலே போதும். "போன கிறிஸ்மஸுக்கு ஆயரம்மா வந்தாங்க" என்று அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சு இருக்கும். வீட்டுக்கு வரும் தட்டுகளை அந்த இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைக்கட்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். திருச்சபைக் காலண்டரில் கிறிஸ்மஸ் 25ஆம் தேதி சாயந்திரத்தோடு முடிவதில்லை. ஜனவரி 6, கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்து இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் பிரசன்னத் திருநாள் வரைக்கும் ஓடும். அதற்கு நடுவில் ஆயர் வீட்டுக்கென்று ஒரு நாள் எடு. 31 ராத்திரி ஆண்டிறுதி ஆராதனை, 1ஆம் தேதி உடன்படிக்கை ஆராதனை, அந்தப் பக்கம் போகாதே. 27 அல்லது 28, ஞாயிறாக இல்லாத நாளாகப் பார். அன்றைக்குக் கறி எடு, உன் அம்மா அப்பாவையும் வரச்சொல், அவர் செல்போனை அணைத்து பீரோவில் வை. இதைக் குருசேகரக் குழுச் செயலரிடம் முன்கூட்டியே அவரே சொல்லிவிட வேண்டும். நீ சொன்னால் "புது ஆயரம்மா கெடுபிடி" என்பார்கள்.

கே: எங்கள் சபையில் ஆயருக்கு வேட்டி சட்டை, ஆயரம்மாவுக்குப் புடவை வருஷா வருஷம் எடுத்துத் தருகிறோம். இந்த முறை வேறு ஏதாவது செய்யலாம் என்று குழுவில் பேச்சு. என்ன தரலாம்? — ஆற்காடு வாசகர்

ப: முதலில் சட்டை அளவைக் கேளுங்கள். எங்கள் பீரோவில் இருக்கிற வெள்ளைச் சட்டைகளில் பாதி என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் பொத்தான் ஏறாதவை. புடவை விஷயத்தில் எனக்குக் குறையில்லை. ஆரணிப் பட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு குறை சொன்னால் பாவம்.

வேறு என்ன என்றால், ஆயர் வீட்டுக் கூரையை ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அமெரிக்க ஆற்காடு மிஷனை ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது 1853இல். அந்த மிஷன் கட்டிய பழைய பங்களாக்களில் இன்றும் குடியிருக்கிற ஆயர்கள் உண்டு. உயரமான கூரை, கனமான சுவர், கோடையில் ஜில்லென்று இருக்கும். நவம்பர் மழைக்குப் பிறகோ சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே சொட்டும். வெளிச்சுவருக்கு மட்டும் டிசம்பரில் வெள்ளையடித்து, சீரியல் பல்பு சுற்றி, வீடு ஜொலிக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்புவார்கள். உள்ளே பக்கெட் வைத்திருப்போம். பட்டுக்கு ஆகிற காசில் தளம் போடுகிறவரைக் கூட்டி வாருங்கள். மழை நின்ற பிறகு போடச் சொல்லுங்கள், ஈரத்தில் போட்டால் பிடிக்காது.

காசே இல்லை என்றாலும் ஒன்று தரலாம். குடியாத்தம் பெண்ணுக்குச் சொன்ன அந்த ஒரு நாள். அன்றைக்கு ஆயர் வீட்டுக் கேட்டைத் தட்டாதீர்கள். சாவு, ஆஸ்பத்திரி என்றால் தட்டலாம், மற்றதெல்லாம் மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

கே: திருவிருந்துக்கான திராட்சை ரசத்தை முன்பெல்லாம் ஆயர் வீட்டிலேயே காய்ச்சுவார்களாமே? எப்படி? — ராணிப்பேட்டை வாசகி

ப: இன்றும் பல வீடுகளில் காய்ச்சுகிறார்கள். கறுப்புப் பன்னீர் திராட்சை ஒரு கிலோ. காம்பு கிள்ளி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நன்றாக அலசவேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுப் பழம் மூழ்காத அளவு தண்ணீர் விட்டு மிதமான தீயில் வை. தோல் வெடித்து நிறம் இறங்கியதும் மத்தால் லேசாக மசித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டு. துணியை முறுக்கிப் பிழியக்கூடாது. பிழிந்தால் ரசம் கலங்கி, அடியில் வண்டல் தங்கும். தானாகச் சொட்ட விடு. வடிந்ததில் கால் கிலோ சர்க்கரை சேர்த்து மறுபடியும் ஒரு கொதி. ஆறியபின் வெந்நீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வை. புளிக்க வைக்காத ரசம் என்பதால் ரொம்ப நாள் தாங்காது, கிறிஸ்மஸுக்கு வேண்டியதை அந்த வாரத்திலேயே காய்ச்சு. கட்டியாக இருந்தால் கிண்ணத்தில் ஊற்றும்போது கொதித்து ஆறிய தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

அந்த வேட்டித் துணியை வெள்ளை அங்கியோடு சேர்த்து ஊறப்போடாதே. திராட்சைக் கறை போகாது. கிறிஸ்மஸ் அன்று ஆயர் அங்கிமேல் போடுகிற தோள்பட்டைத் துணியும் வெள்ளை, அங்கியும் வெள்ளை. ஆனால் ஊதா நிறத் தோள்பட்டையோடு கிறிஸ்மஸுக்கு முந்தைய வருகைக் கால ஞாயிறுகள் நாலையும் ஓட்டிவிடலாம், அழுக்கே தெரியாது.

கே: டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? — திருப்பத்தூர் வாசகர்

ப: எங்கேயும் இல்லை. ரோமாபுரியில் 354இல் தொகுத்த ஒரு நாட்குறிப்பில் இந்தத் தேதி இருக்கிறது. தேதி தெரியாத பிள்ளைக்கும் பிறந்தநாள் கொண்டாடத்தானே செய்கிறோம். மே மாதத்தில் வந்திருந்தால் நம் வேலூர் வெயிலில் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் என்ன ஆகியிருக்கும், யோசியுங்கள்.

கே: குடிலில் மேய்ப்பர்களோடு மூன்று ராஜாக்களையும் சேர்த்து வைக்கலாமா? ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை கேட்டு மடக்கிவிட்டாள். — வாணியம்பாடி வாசகி, ஆசிரியை

ப: அந்தப் பிள்ளைக்கு ஒரு கேக் அதிகமாகக் கொடுங்கள். மேய்ப்பர்கள் லூக்காவில் வருகிறார்கள், நாம் ராஜாக்கள் என்கிற சாஸ்திரிகள் மத்தேயுவில். மத்தேயு "வீட்டுக்குள்" வந்தார்கள் என்கிறார். மூன்று பேர் என்று சொல்லவே இல்லை, பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. ராஜாக்கள் என்றும் இல்லை. அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ ஊரில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தபிறகு பரவியதுதான் இந்தக் குடில் வழக்கம். பொம்மை செட்டில் எல்லாரும் ஒரே டப்பாவில் வருவதால் நாமும் ஒன்றாகவே வைத்துவிடுகிறோம்.

எங்கள் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒட்டகத்தையும் சாஸ்திரிகளையும் ஜன்னல் திட்டில் வைப்போம். தினம் கொஞ்சம் நகரும். அரிசி டின், தையல் மிஷின், ரேடியோ என்று சுற்றி ஜனவரி 6 அன்று குடிலுக்கு வந்து சேரும். யார் நகர்த்துவது என்பதில் தினமும் ஒரு சண்டை, அது தனி. குடிலை 26ஆம் தேதியே பிரித்துப் பரண்மேல் போடுகிற அவசரம் இதனால் போயிற்று.

கே: ராத்திரி ஒரு மணிக்கு மைக் செட்டோடு கேரல் வருகிறார்கள். நானும் கிறிஸ்தவன்தான், ஆனால் என் மகளுக்கு மறுநாள் அரையாண்டுப் பரீட்சை. — வேலூர் சத்துவாச்சாரி வாசகர்

ப: நீங்கள் கோபப்படுவது நியாயம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. ஒரு மணி எந்தக் கணக்கிலும் வராது. உங்கள் வாலிபர் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் மைக்கை வேனிலேயே விட்டுவிட்டு கிடாரும் குரலுமாக வரட்டும். சுதி சேர்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

கே: சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். நான் இந்து. மிசோரம், நாகாலாந்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள் கிறிஸ்மஸ் அன்று அறையிலேயே முடங்கிக் கிடக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்? — வேலூர் வாசகர்

ப: நீங்கள் கேட்டதே பெரிய காரியம் தம்பி. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடத்துக்கு இன்று இந்தியாவின் அந்தக் கோடியிலிருந்து வருகிறார்கள். ஊரில் அவர்களுக்குக் கிறிஸ்மஸ் என்றால் முழுக் கிராமமும் சேர்ந்து சமைக்கிற விருந்து. இங்கே ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிற்றாலயம் உண்டு. கோட்டைக்குள் 1846இல் கட்டிய புனித யோவான் ஆலயம் இருக்கிறது, ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். இரண்டு இடத்திலும் ஆராதனை நேரத்தை முந்தின நாளே விசாரித்து வரவேற்பு மேஜையில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். விடியற்காலை ஆட்டோ கிடைக்காது, தெரிந்த ஆட்டோக்காரரைச் சொல்லி வையுங்கள். வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்கவிடுங்கள். பக்கத்துச் சபை ஆயரிடம் "இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கேரல் குழு உங்கள் மாடிப்படி ஏறி வரும். உங்களைப் போன்றவர்கள் சொல்லாவிட்டால் ஆயருக்கு எப்படித் தெரியும்?

கே: ஆகஸ்டில் அம்மா இறந்துவிட்டார்கள். இந்த வருஷம் நட்சத்திரம் கட்டலாமா, கூடாதா? சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். — ஆம்பூர் வாசகி

ப: கட்டக்கூடாது என்று வேதத்தில் ஒன்றும் இல்லை. கட்ட மனசில்லை என்றால் கட்டாதே, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேக்கும் பிரியாணியும் வேண்டாம் என்று தோன்றினாலும் ஆராதனைக்கு மட்டும் போ. பின் வரிசையில் உட்காரலாம்.

அந்த வருஷம் சாவு விழுந்த வீடுகளுக்கு நாங்கள் 24ஆம் தேதி மத்தியானமே போய்விடுவோம். கேரல் குழு இல்லாமல், டிரம் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும். ஜெபம் ஐந்து நிமிஷம், மற்றபடி இறந்தவரைப் பற்றித்தான் பேச்சு. கிறிஸ்மஸுக்கு அவர் என்ன செய்வார், எந்தப் பலகாரத்தில் கைபடவிடமாட்டார் என்று சொல்லும்போது அழுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். உங்கள் ஆயர் வராவிட்டால் நீயே போன் செய்து கூப்பிடு. டிசம்பர் அலைச்சலில் ஆகஸ்டு மறந்து போயிருக்கும், மனசில்லாமல் இல்லை.

கே: என் அப்பா பாஸ்டர். ஒன்பதாவது படிக்கிறேன். எல்லா கேரலுக்கும் நான் போகணும், வசனம் ஒப்பிக்கணும், நாடகத்தில் யோசேப்பு வேஷமும் எனக்குத்தான். "பாஸ்டர் பையனே வரலன்னா எப்படி?" என்கிறார்கள். கணக்குப் பரீட்சை இருக்கிறது ஆன்ட்டி. — ஆரணி வாசகன்

ப: கேரலுக்கு உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் போதும். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல், கேட்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு. வசனம் ஒப்பிப்பதைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடு, அவர்கள் மறந்து நின்றாலும் சபை கைதட்டும். யோசேப்பு வேஷத்தை மட்டும் விடாதே. நாலு சுவிசேஷத்திலும் யோசேப்பு வாய்திறந்து ஒரு வார்த்தை பேசியதாக எழுதியில்லை. நாடகம் எழுதிய அண்ணனிடம் இதைச் சொல்லி, உன் வசனத்தையெல்லாம் சத்திரக்காரன் வேஷம் போடுகிறவனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, போய்க் கணக்கைப் போடு.