எட்டு மாத அனுபவத்தோடு ட்ராவல் நர்ஸாகப் போகலாமா?

கேள்வி: நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். மகள் பி.எஸ்.என். (நர்ஸிங் பட்டம்) முடித்து, ஒரு மருத்துவமனையின் டெலிமெட்ரி வார்டில் (நோயாளிகளின் இதயத் துடிப்பை மானிட்டரில் தொடர்ந்து கவனிக்கும் பிரிவு) எட்டு மாதமாக நைட் ஷிஃப்ட் பார்க்கிறாள். கலிஃபோர்னியாவில் 13 வார ட்ராவல் கான்ட்ராக்ட் (ஏஜென்சி மூலம் வேறு ஊர் மருத்துவமனையில் தற்காலிக நர்ஸ் வேலை) இருக்கிறது, சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று ஒரு ரெக்ரூட்டர் விடாமல் கூப்பிடுகிறார். அவள் கிளம்பத் துடிக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அனுப்பலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஆனால் வெறும் மறுப்போடு நிறுத்திவிடாதீர்கள். எதெல்லாம் கைவந்தால் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்ந்தபோது அவளுக்குப் பல வாரங்கள் பிரிசெப்டர் (புதியவருக்குக் கற்றுத்தரும் மூத்த நர்ஸ்) கூடவே இருந்திருப்பார். ட்ராவல் நர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. கம்ப்யூட்டருக்கும் விதிமுறைகளுக்கும் ஒரு நாள், வார்டில் துணையோடு ஒன்றிரண்டு ஷிஃப்ட், பெரும்பாலும் அவ்வளவுதான். அதன் பிறகு தனியாக நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

எட்டு மாதத்தில் அவளுக்கு வந்திருக்கும் தைரியம் உண்மையானது. அதில் பாதி அந்த வார்டு கொடுத்தது. எந்த அலமாரியில் எது இருக்கும், இரவு இரண்டு மணிக்கு எந்த டாக்டர் உடனே போனை எடுப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் முகம் வாடினாலே சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிஃப்டின் பொறுப்பாளர்) வந்து பக்கத்தில் நிற்பார். புது ஊரில் இது எதுவும் இருக்காது. நோயாளியின் நிலை மெல்லச் சரிவது கண்ணுக்குத் தெரிந்தும், ‘வந்த புதிதிலேயே கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ’ என்று புதியவர்கள் அரை மணி நேரம் தயங்கிவிடுவார்கள். நான் மிகவும் அஞ்சுவது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

ஏஜென்சிகள் வழக்கமாக அதே பிரிவில் ஒன்று முதல் இரண்டு வருட அண்மைக்கால அனுபவம் கேட்கின்றன. டெலிமெட்ரிக்கு என் கணக்கு முழு இரண்டு வருடம். அதையும் வேலையில் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பிரிசெப்டர் விலகி, தனியாக நோயாளிகளை ஏற்ற நாளிலிருந்து எண்ணுங்கள்.

மாதக் கணக்கைவிட அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் முக்கியம். யாரும் சொல்லாமல் அவளாகவே ரேபிட் ரெஸ்பான்ஸ் டீமை (நோயாளியின் நிலை திடீரென மோசமானால் ஓடிவரும் குழு) அழைத்திருக்கிறாளா? புதிதாகத் தொடங்கிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (ஒருவகை ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) மானிட்டரில் கண்டு, டாக்டருக்குக் கோர்வையாகச் சொல்லி ஆர்டர் வாங்கியிருக்கிறாளா? ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), டில்டியாசெம் (இதயத் துடிப்பைக் குறைப்பது) ட்ரிப்புகளைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் நடத்துகிறாளா? இந்த நோயாளிகளை ஒரே ஆளிடம் கொடுப்பது பாதுகாப்பில்லை என்று சார்ஜ் நர்ஸிடம் எடுத்துச் சொல்ல வாய் வருகிறதா? நான்காவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

வீட்டிலிருந்தபடியே இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. ஆள் குறைந்தால் வேறு வார்டுக்கு முதலில் அனுப்பப்படுவது பெரும்பாலும் ட்ராவல் நர்ஸ்தான். அதனால் அவள் இப்போதே ஃப்ளோட் ஆக, அதாவது அப்படி வேறு வார்டுக்குப் போக, தானாக முன்வரட்டும். இரண்டாம் வருடத்தில் அதே மருத்துவமனையின் ஃப்ளோட் பூலில் (தேவைப்படும் வார்டுக்கெல்லாம் போகும் நர்ஸ் குழு) ஆறு மாதம் இருக்கலாம். அல்லது டல்லாஸிலேயே இன்னொரு மருத்துவமனையில் பெர் டயம் (தேவைப்படும் நாளுக்கு மட்டும் வேலை) பார்க்கலாம். நோயாளி விவரங்களைப் பதிய இங்கே எபிக் என்றால் அங்கே வேறு சாஃப்ட்வேராக இருந்தால் இன்னும் நல்லது. முன்பின் தெரியாத வார்டில் மூன்றாவது ஷிஃப்டிலேயே நிதானமாக வேலை பார்த்துவிட்டு வருகிறாள் என்றால் அவள் தயார்.

கலிஃபோர்னியாவைப் பற்றி ஒரு விஷயம். அங்கே டெலிமெட்ரியில் ஒரு நர்ஸுக்கு நான்கு நோயாளிகளுக்கு மேல் தரக்கூடாது என்று விதியே இருக்கிறது. டெக்சாஸில் அப்படி எண் வைத்த சட்டம் இல்லை. அவள் ஆசைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு மாநில லைசன்ஸை மற்ற மாநிலங்களும் ஏற்கும் நர்ஸ் லைசன்ஸ் காம்பாக்ட் என்ற ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா சேரவில்லை. டெக்சாஸின் மல்டிஸ்டேட் லைசன்ஸ் அங்கே செல்லாது. கைரேகை உட்படத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

இனி பணம். அந்த ‘இரண்டு மடங்கு’ முழுக்கச் சம்பளம் அல்ல. வரி பிடிக்கும் மணிக்கூலி ஒரு பகுதி, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் வரியில்லாத படி மறு பகுதி. ஊரில் சொந்தச் செலவில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, வேலை இடத்திலும் இன்னொரு முறை அதே செலவு செய்பவருக்குத்தான் அந்தப் படிக்கு வரி இல்லை. உங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் இருக்கும் மகளுக்கு இது பொருந்தாமல் போகலாம், அப்போது அந்தப் படித் தொகைக்கும் வரி கட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன்பே ட்ராவல் நர்ஸ்களின் கணக்கைப் பார்க்கும் ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள். இப்போதைய வேலையில் சைன்-ஆன் போனஸ் (வேலையில் சேரும்போது தரும் தொகை) வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தையும் எடுத்துப் படியுங்கள். ஒப்புக்கொண்ட காலத்துக்கு முன் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். 26 வயது ஆகும்வரை அவளை உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே வைத்திருங்கள். ஏஜென்சி தரும் காப்பீடு இரண்டு கான்ட்ராக்ட்டுகளுக்கு நடுவே அறுந்துபோகலாம்.

நேரம் வரும்போது முதல் கான்ட்ராக்ட் டெக்சாஸுக்குள்ளேயோ ஓக்லஹோமா, லூசியானா போன்ற பக்கத்துக் காம்பாக்ட் மாநிலத்திலோ, அதே டெலிமெட்ரியில் இருக்கட்டும். வாரத்துக்கு 36 மணி நேரம் உறுதியா, நோயாளி குறைந்தால் எத்தனை ஷிஃப்டை ரத்து செய்வார்கள், எந்தெந்த வார்டுகளுக்கு ஃப்ளோட் செய்வார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ரெக்ரூட்டரின் வாய்வார்த்தை போதாது. மருத்துவமனை இடையிலேயே கான்ட்ராக்ட்டை முறித்தாலும் வீட்டு வாடகை நிற்காது, அதனால் மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும்.

வார்டு மேனேஜர் போனில் பேசும்போது அவளும் கேள்வி கேட்க வேண்டும். இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? சார்ஜ் நர்ஸும் நோயாளி எடுப்பாரா? நைட் ஷிஃப்டில் எத்தனை பேர் ட்ராவல் நர்ஸ்? பாதிக்கு மேல் என்று பதில் வந்தால், அந்த வார்டைத் தெரிந்தவர்களே அங்கே குறைவு என்று அர்த்தம். முதல் கான்ட்ராக்ட்டுக்கு அந்த இடம் வேண்டாம்.