வலி மாத்திரையும் ஊராரின் பொறுப்பும்

கேள்வி: அமெரிக்கக் கிராமங்களில் மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரைகளுக்கே பலர் அடிமையானதாகப் படித்தேன். மருத்துவச் சீட்டில் தொடங்கும் பழக்கத்தை ஊர் மக்களால் தடுக்க இயலுமா? பயன்படுத்துவோருக்கு ஊசி வழங்குவது அதை வளர்க்காதா?

பதில்: ஓரளவு தடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்தபோது, அது எளிதில் அடிமைப்படுத்தாது என்று சொல்லியே மருத்துவர்களிடம் விற்றார்கள். அப்படித் தவறாகச் சொன்னதை, அதை விற்ற பர்டூ பிரெடெரிக் நிறுவனம் 2007-ல் வர்ஜீனியா நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. சுரங்க வேலையில் உடல் தேய்ந்தவர்கள் நிறைந்த அப்பலாச்சிய மலைப்பகுதி இதில் கடுமையாக அடிபட்டது.

அம்மலைத்தொடரை ஒட்டிய வட கரோலினா மாநிலத்தின் வில்க்ஸ் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி), இறக்கும் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் அமைப்பின் சமயப் பணியாளர் ஒருவர், நோயாளிகளின் மாத்திரைகள் வேறு கைகளுக்குப் போவதைக் கவனித்தார். அதிலிருந்து எழுந்ததே ‘லாசரஸ் திட்டம்’. மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். அவசரப் பிரிவுகளில் வலி மாத்திரை தருவதற்கு வரம்பு வைத்தார்கள். வீட்டில் மிஞ்சியவற்றைத் திரும்பப் பெற்றார்கள். நின்றுபோகும் மூச்சை மீட்கும் நாலக்ஸோன் மருந்தை நோயாளியின் வீட்டிலேயே வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்துசேர நெடுநேரம் ஆகும் ஊரில் இந்தக் கடைசி ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். ஆனால் நாலக்ஸோனின் வேலை ஒரு மணி நேரம் போல்தான் நீடிக்கும் என்பதால், கண்விழித்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவே வேண்டும். வில்க்ஸில் மிகையளவு மருந்தால் நேர்ந்த இறப்பு 2009-ல் லட்சத்துக்கு 46.6 ஆக இருந்து, 2010-ல் 29.0 ஆகக் குறைந்தது. சுமார் 69,000 பேரே வாழும் இடம் என்பதால், ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்துப் பெருமிதம் கொள்வது சரியாகாது.

ஊசியைப் பற்றிய உங்கள் ஐயம் அமெரிக்காவிலும் எழுந்ததுதான். இந்தியானா மாநிலத்தில் சுமார் 4,200 பேர் வாழும் ஆஸ்டின் என்ற சிற்றூரில் ஓபானா என்ற வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே ஊசியால் பலர் ஏற்றிக்கொண்டதில், 2015-ல் அவ்வட்டாரத்தில் 180-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. பரவியது. அதுவரை சட்டம் தடுத்திருந்த பயன்படுத்திய ஊசிக்குப் பதில் புது ஊசி தரும் திட்டத்தை அரசு அனுமதித்தது. ஊசி வாங்க வந்தவர்களையே பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அழைத்துச் செல்ல வழி பிறந்தது. புதிய தொற்றும் வெகுவாகக் குறைந்தது. பழக்கத்தை ஊசி உண்டாக்கவில்லை, மாத்திரைதான் உண்டாக்கியது என்பதால், உங்கள் அச்சத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும் அதே அச்சம் அங்கு ஓயவில்லை: 2021-ல் ஆஸ்டின் இருக்கும் கவுன்ட்டியின் ஆணையர்கள் மூவரில் இருவர் திட்டத்தை நிறுத்தவே வாக்களித்தனர்.