நாஸ் பெட்டி அமைத்தபின் பழைய டிஸ்க்குகளை அழித்துவிடலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் தரைத்தளத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். திருமணப் படங்களும் வீடியோக்களும் பல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு டிஸ்க் போடக்கூடிய நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கணினிகள் கோப்புகளைச் சேமித்து எடுக்கும் பெட்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கப்போகிறேன். ரெய்டு 1 அமைத்தபின் பழைய டிஸ்க்குகளை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: இப்போதைக்கு அழிக்க வேண்டாம். ரெய்டு 1 என்பது ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காது என்பதே அதன் பயன். ஆனால் உதவியாளர் ஒரு திருமணத்தின் ஃபோல்டரைத் தவறுதலாக நீக்கினாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்னும் தீநிரல் புகுந்தாலும், அந்தச் சேதமும் இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். அதை பேக்கப் என்று எண்ணிவிடக் கூடாது. மேலும், பழைய டிஸ்க் எதையும் கழற்றி நாஸ் பெட்டிக்குள் செருகிவிடாதீர்கள். முதல்முறை அமைக்கும்போது உள்ளே இருக்கும் டிஸ்க்குகளைப் பெட்டி முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள் போட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 4 டெராபைட்தான். திரையில் அது ஏறத்தாழ 3.6 என்றே தெரியும். இருக்கும் படங்களின் மொத்த அளவைக் கூட்டிப் பார்த்த பிறகே டிஸ்க் வாங்குங்கள். ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால், நாஸுக்கென்று தயாரிக்கப்பட்ட சிஎம்ஆர் (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகைதானா என்பதை மாடல் எண்ணைக் கொண்டு சரிபாருங்கள். எஸ்எம்ஆர் (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்) வகை டிஸ்க்குகள் விலை குறைவு என்றாலும், பழுதான டிஸ்க்கை மாற்றியபின் ரெய்டு தன்னைத்தானே சீரமைக்கும் வேளையில் மிகவும் மெதுவாகிவிடும்.

பெட்டியை ரௌட்டருடன் கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்ட கேபிளால் இணையுங்கள். கிகாபிட் போர்ட்டில் 1 டெராபைட் ஏறச் சுமார் இரண்டரை மணி நேரம் போதும். 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருந்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். அப்படியானால் ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி, கணினியையும் நாஸையும் அதில் இணைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதை நம் பகுதியில் அலட்சியமாக விட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தரைத்தளக் கடையில் மேசைக்கடியில் வைப்பது சரியன்று. ஆளுயரத்துக்கும் மேலான, காற்றோட்டமுள்ள சுவர்ப் பலகையில் வையுங்கள். யூஎஸ்பி இணைப்புள்ள யூபிஎஸ் ஒன்றும் அவசியம். வீட்டு இன்வெர்ட்டர் மின்சாரம் தருமே தவிர, பேட்டரி தீரப்போகிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்லி அதை முறையாக அணைக்கச் செய்யாது.

வாடிக்கையாளர்களுக்குப் படங்களை அனுப்புவதற்காக ரௌட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து நாஸை நேரடியாக அடையும் வாசல்) திறந்துவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெட்போல்ட் என்னும் ரான்சம்வேர், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டியது. வெளியிலிருந்து பார்த்தே தீர வேண்டுமானால் விபிஎன் (இணையத்தினூடே செல்லும் பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக வாருங்கள். ரௌட்டரில், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க இடம்தரும் யூபிஎன்பி வசதியை அணைத்துவிடுங்கள். உதவியாளருக்குத் தனிக் கணக்கு கொடுத்து, முடிந்த திருமணங்களின் ஃபோல்டர்களைப் பார்க்க மட்டும் அனுமதியுங்கள். உங்கள் பெட்டியில் ஸ்னாப்ஷாட் (கோப்புகள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைக்கும்) வசதி இருந்தால் முதல் நாளிலேயே அதை இயக்கிவிடுங்கள்; தவறுதலாக அழிந்ததை மீட்க அதுவே எளிய வழி.

இனி பழைய டிஸ்க்குகள். முதலில் அவற்றில் உள்ள அனைத்தையும் நாஸுக்கு நகலெடுங்கள். புதிதாக ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, நாஸில் உள்ள அனைத்தையும் சாதாரண ஃபோல்டர்களாகவே அதில் நகலெடுத்து, தண்ணீர் தேங்காத வேறொரு பகுதியில் உள்ள உறவினர் வீட்டு மாடியில் வையுங்கள். புதிய படங்களைச் சேர்க்க மாதம் ஒருமுறை எடுத்து வந்தால் போதும். மற்ற நேரங்களில் அது நாஸுடன் இணைந்திருக்கவே கூடாது. அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு திருமணத்திலிருந்தும் சில படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பார்த்து, அனைத்தும் சரியாக ஓடினால், அதன் பிறகு பழைய டிஸ்க்குகளை அழிக்கலாம்.