கையை நீட்டினா ஆள் மிதக்குறான், அதுக்கு எதுக்கு ஏலியன்?

வணக்கம் அண்ணா,

கேம் பத்தி நீங்க எழுதுறதை விடாம படிக்கிறேன். இப்பதான் மாஸ் எஃபெக்ட் முதல் பார்ட் முடிச்சேன். கதை பிடிச்சது, ஆனா ஒண்ணு உறுத்துது. ஒருத்தர் கையை நீட்டினா எதிரி அந்தரத்துல மிதக்குறான், கேட்டா ஏலியன் டெக்னாலஜி, ஏதோ தனிமம்ங்கிறாங்க. மந்திரம்னே சொல்லிட்டுப் போயிடலாமே, சயின்ஸ் பூச்சு எதுக்கு? அடுத்து என்ன ஆடலாம்னும் சொல்லுங்க.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாதி சரியாத்தான் கேட்டிருக்கீங்க. எலிமெண்ட் ஸீரோன்னு ஒரு தனிமம் நிஜத்துல கிடையாது. அதுல பாசிட்டிவ் கரண்ட் பாய்ச்சினா சுத்தியிருக்குற பொருளோட நிறை கூடும், நெகட்டிவ்னா குறையும், இவ்வளவுதான் அவங்க விடுற ரீல். ஆனா அந்த ஒரே ரீலை வச்சு மொத்த உலகத்தையும் கட்டியிருக்காங்க பாருங்க, கப்பல் ஒளியை விட வேகமாப் போறதும் அதுலதான், துப்பாக்கியில துக்குணூண்டு உலோகத்துகள் சீறிப் பாயறதும் அதுலதான், ஷீல்டும் அதுதான், நீங்க கேட்ட, கையை நீட்டி ஆளை மிதக்க வைக்கிற பயோட்டிக்ஸ் பவரும் அதேதான்.

அந்தப் பவர் இருக்குற நம்ம டீம் ஆளு கெய்டன் அலென்கோவை எடுத்துக்கோங்க. அவர் அம்மா வயித்துல இருக்குறப்போ சிங்கப்பூர்ல ஒரு சரக்குக் கப்பல் விழுந்து அந்தத் தனிமத்தோட தூசி காத்துல பரவுது, குழந்தையோட நரம்புல அது முடிச்சு முடிச்சா படிஞ்சுடுது. அதுனால மட்டும் பவர் வந்துடல, அதை அடக்கி ஆள இம்ப்ளாண்ட் வைக்கணும், அவருக்கு வச்சது எல்2ன்னு பழைய மாடல், அதோட விளைவு அடிக்கடி மண்டையைப் பிளக்குற ஒற்றைத் தலைவலி. எல்2 வச்சவங்கள்ல சிலர் நிலைமை இன்னும் மோசம், புத்தியே பேதலிச்சுப் போச்சு. அப்புறம் பாதுகாப்பான எல்3 வருது, ஆனா ஏற்கனவே வச்சுக்கிட்டவங்க கதி?

மந்திரத்துக்கும் விலை வைக்கலாமேன்னு கேப்பீங்க. வைக்கலாம்தான். ஆனா டெக்னாலஜின்னு சொன்ன உடனே கூடவே ஒரு கேள்வி வந்து நிக்குது, இதைச் செஞ்சது யாரு, நம்ம கைல கிடைக்கிற மாதிரி விட்டுட்டுப் போனது எதுக்கு? முதல் பார்ட் மொத்தமும் இந்தக் கேள்வி மேலதான் ஓடுது. கப்பலை நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் வீசுற மாஸ் ரிலே, சிட்டாடல்ங்கிற பிரம்மாண்ட விண்வெளி நிலையம் எல்லாம் புரோத்தியன்கள்ங்கிற அழிஞ்சுபோன இனம் கட்டினதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருக்க, விர்மையர்ங்கிற கிரகத்துல சாவரின்ங்கிற ராட்சச மெஷின் கப்பல் நேருக்கு நேர் சொல்லுது, அதெல்லாம் நாங்க செஞ்சது, அதைப் பயன்படுத்துறதால நீங்க நாங்க நினைச்ச வழியிலதான் வளருவீங்கன்னு. 50,000 வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, வளர்ந்த இனங்களை அறுவடை பண்றதுக்கு எலிப்பொறியில வச்ச மசால்வடை அது. வானத்துலேர்ந்து வந்த வரம்னு விட்டிருந்தா இந்த இடத்துல வயித்தைப் பிசையுற பயம் வந்திருக்குமா சொல்லுங்க, எனக்கு அறிவியல் புனைவு கேம்கள்லயே பெரிய திருப்பம் அதுதான்.

மூணாவது பார்ட் ஆடப் போறீங்கன்னா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. 2012ல அது வந்தப்போ முடிவுக்கு ரசிகர்கள் அப்படி கொந்தளிச்சாங்க, அதே வருஷம் முடிவை விரிச்சு எக்ஸ்டெண்டட் கட் விட வேண்டியதாச்சு. கோபத்துக்குக் காரணம் பல, என்னோட கோபம் அதுல ஒரு முடிவுல வர்ற பச்சை ஒளி மேல. ஒரு வெளிச்சம் பரவுது, கேலக்ஸில இருக்குற ஒவ்வொரு உயிரும் பாதி மெஷின் ஆயிடுது, எப்படின்னு கேட்டா பதிலே இல்ல. நிறை கூடும் குறையும்னு மூணு கேமா காப்பாத்தின விதியைக் கடைசில கைவிட்டுட்டாங்க. நீங்க பூச்சுன்னு சொன்னீங்களே, இந்த இடத்துக்கு அது நூத்துக்கு நூறு பொருந்தும்.

அடுத்து 2017ல வந்த ப்ரே ஆடுங்க. நிலாவைச் சுத்துற டாலோஸ் 1ங்கிற ஸ்டேஷன், அங்க டைஃபான்னு ஏலியன்களை அடைச்சு வச்சு அதுங்ககிட்டேர்ந்தே நியூரோமாட்ங்கிற, புதுத் திறமையை மூளையில ஏத்துற கருவியைத் தயாரிக்கிறாங்க, ஊசி கண்ணு வழியா மூளைக்குப் போகுது. பொருளை மனசாலயே தூக்கலாம், காபி கப்பா உருமாறி உருண்டு போகலாம், செம ஜாலியா இருக்கும். ஆனா டைஃபான் பவரை அளவுக்கு மேல ஏத்திக்கிட்டா, அதுவரைக்கும் உங்களுக்குக் காவலா நின்ன டரெட் துப்பாக்கி உங்களையே ஏலியன்னு நினைச்சு சுட ஆரம்பிக்கும். ஒரு தடவை அந்தப் பவரைத் தொடாம ஆடுங்க, அப்புறம் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இன்னொரு தடவை ஆடுங்க, ரெண்டும் எப்படி இருந்ததுன்னு எழுதுங்க, போடுறேன்.