வயர்லெஸ் ஓவர், அம்மா ஓவர்

கேள்வி: எங்க அப்பா போட்ல மீன்பிடிக்கப் போறவங்க. வயர்லெஸ்ல ஒண்ணு பேசி முடிச்சதும் "ஓவர்"ம்பாங்க. கிரிக்கெட்லயும் ஓவர். நான் வாயாடுனா அம்மா "ஓவரா பேசாத"ங்காங்க. டியூஷன் மிஸ் ஆத்துப் பாலத்துக்கும் ஓவர்தான் போடணும்ங்காங்க, நான் அபவ்னு எழுதி மார்க் போச்சு. எல்லாம் ஒரே ஓவரா?
(பிளஸ் ஒன் மாணவி, குளச்சல்)

பதில்: ஒரே வார்த்தைதான் மக்கா. மாத்தூர் தொட்டிப்பாலம் பாத்திருப்பியே, கீழ பரளியாறு ஓடுது, மேல தொட்டிக்குள்ள கால்வாய் தண்ணி இந்தக் குன்றுல இருந்து அந்தக் குன்றுக்குப் போவுது. ஆத்துக்கு மேலயும் இருக்கு, அக்கரைக்கும் கடக்குது, ரெண்டும் சேந்ததுதான் ஓவர். அபவ்ல கடக்குற சங்கதியே கிடையாது, உசரம் மட்டுந்தான். அந்தத் தொட்டி ஆத்துக்கு 115 அடி மேலன்னு அளவு சொல்லணும்னா அபவ் போடு, யாரும் மார்க்கைக் குறைக்க முடியாது. ஒருத்தன் சுவர் ஏறிக் குதிச்சா ஓவர் த வால். அங்க அபவ் போட்டா அந்தரத்துல நின்னு துள்ளுற மாதிரி ஆயிரும்.

வலையைத் தார்ப்பாய் போட்டு மூடுனா ஓவர், வலைமேல டார்ச்சை சும்மா வச்சா ஆன்.

எண்ணுக்கு முன்னால வந்தா "அதுக்கும் மேல"ன்னு அர்த்தம். வள்ளுவர் சிலை ஓவர் 100 ஃபீட்னு எழுதலாம், ஓவர் 133 ஃபீட்னு எழுதாத, ஏன்னா பீடத்தோட சேத்து அது சரியா 133 அடி.

கிரிக்கெட்ல ஆறு பந்து முடிஞ்சதும் அம்பயர் "ஓவர்"னு கூப்பிடுவாரு, அடுத்த பந்து எதிர் முனையில இருந்து வரும். அந்தக் கூப்பாடுதான் அப்படியே பேராயிட்டு. அப்பா சொல்றதும் கிட்டத்தட்ட அதேதான், பட்டனை அமுக்கிப் பேசுற வரைக்கும் எதிராளி பேசுறது காதுல விழாதுல்லா, அதான் "நான் முடிச்சாச்சு, இனி உன் முறை"ன்னு அங்கோட்டுத் தள்ளி விடுறது. பேச்சையே முடிச்சுக்கிட்டா "அவுட்". சினிமால "ஓவர் அண்ட் அவுட்"னு சேத்து அடிப்பான், பதில் சொல்லு ஆனா நான் கேக்கமாட்டேன்னு சொல்ற கதைதான் அது.

அம்மா சொல்ற ஓவர் மட்டும் நாம தமிழாக்கிக்கிட்டது. "டோன்ட் டாக் ஓவர்"னு எழுதிராத, டூ மச்னு எழுதணும். டாக் ஓவர்னு ஒண்ணு இருக்கு, ஒரு விஷயத்தை உக்காந்து பேசித் தீக்குறது. அதே டாக் ஓவருக்குப் பின்னால ஆளு வந்தா, அம்மா பேசிக்கிட்டு இருக்கும்போதே நீ குறுக்க பேசுறேன்னு அர்த்தம். ரெண்டு ஓவருக்கும் வீட்ல கிடைக்குற ஏச்சு ஒண்ணுதான், அது வேற.